ஆறு மணிச் சங்கு

காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் இன்றும் எனக்கு அப்பாவின் ஆட்டுப்பட்டிதான் நினைவுக்கு வருகிறது.

ஃபிட்டர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய அப்பா, ஓசூருக்கு வெளியே செம்மறி ஆடு வளர்த்தார். ஷிப்டுக்குக் கிளம்பிய பழக்கம். சங்கு ஊதியதும் பட்டியைத் திறந்துவிடுவார். முதல் மார்கழியிலேயே, பனிப்புல்லை மேய்ந்த தாய் ஆடு வயிறு உப்பிக் கீழே சாய்ந்தது.

"பனி காயாம யாராச்சும் ஆட்டை அவுத்து உடுவாங்களாண்ணா?" என்று பதறிய பக்கத்துக் கொல்லை லட்சுமக்கா, உப்பல் இறங்க ஆட்டுக்குப் புகட்ட எண்ணெய் எடுத்துவர ஓடினார்.

அப்பாவும் வீட்டுக்குள் ஓடினார். டூல் பெட்டியோடு வந்தார். திறந்து, ஸ்பேனர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். ஆடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப நான் என்னம்மா பண்றது?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது.