படத்து ரீட்டாவும் எங்கள் ரீட்டாவும்

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஈப்போவில் எங்கள் ரீட்டாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு லூமுட்டில் வேலை. அவனும் அவன் அம்மாவும் சிலிம் ரிவரிலிருந்து டாக்சி பிடித்து வந்து இறங்கினார்கள்.

ரீட்டாவுக்கு நான் ஞானத்தாய். அவள் அம்மா தவறிய பிறகு இப்படிப்பட்ட காரியங்களுக்கு நான்தான் முன்னால் உட்கார வேண்டும். அவள் அப்பாவும் கூடத்தில் இருந்தார். இருந்தார்... அவ்வளவுதான்.

பெண்ணைப் பிடித்தது. அவளுடைய கமுந்திங் ஃபேக்டரி வேலையும் பிடித்தது. நகையைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"எல்லாம் சரிதான் அக்கா. பேரு ஒன்ன மட்டும் மாத்திடலாம்."

"எந்தப் பேர?"

"பொண்ணு பேரத்தான். ரீட்டான்னு எப்புடி அக்கா கல்யாணக் கார்டுல போடுறது? எந்தப் படத்துல வேணும்னாலும் பாருங்க. கிளப்புல ஆடுறவ ரீட்டா. வில்லன் பக்கத்துல கிளாச தூக்கிட்டு நிக்கிறவ ரீட்டா. கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாலயும் கல்யாண ஓலை வாசிப்பாங்க... மூணு வாட்டியும் ரீட்டா! என் நாத்தனாருங்க சிரிப்பாளுங்கலா!"

இதைச் சொன்னது யார்? கழுத்தில் மாதா சுரூபம் போட்ட வேதக்காரி.

அந்தப் பேரை வைத்தவள் நான். எஸ்டேட் கோயிலில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று சாமியார் கேட்டார். நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். முடியாத காரியத்தை முடித்துத் தருகிற புனிதையின் பேர் அது. நம் பெரியவர்கள் ரீத்தம்மாள் என்பார்கள். அந்தப் புனிதை எந்தக் கிளப்பிலும் ஆடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

படம் பார்ப்பது பாவமா என்று இந்தப் பகுதிக்கு எழுதும் வாசகிகள் அவ்வப்போது கேட்கிறீர்கள். பார்ப்பதில் பாவமில்லை. நம்புவதில்தான் சிக்கல்.

நானும் பார்த்தவள்தான். அப்போது எஸ்டேட் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினார்கள். இப்போது வீட்டுக்கு வீடு வீடியோ டேப். பள்ளிக்கூடம் நான் கொஞ்ச நாள்தான் போனேன். படம் புரிய அது போதும்.

படத்தில் வேதக்காரர் எப்படி இருப்பார்? ஆண் என்றால் தொப்பி போட்டுக்கொண்டு குடிப்பார். சாமியார் என்றால் எல்லோரையும் "மகனே" என்பார். மழை பெய்யும், கோயில் வாசலில் ஒரு குழந்தை கிடக்கும், எடுத்து வளர்ப்பார். எங்கள் கோயில் வாசலில் இதுவரை கிடந்தது செருப்பு மட்டும்தான்.

பெண் என்றால்? கவுன், சிகரெட், கிளப். கடைசியில் திருந்துவாள். திருந்தின கையோடு, கதாநாயகனுக்கு வருகிற குண்டைக் குறுக்கே போய் வாங்கிக்கொண்டு அவன் மடியில் செத்துப்போவாள். எல்லோரும் அழுவோம். நானும் அழுதிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் யோசனை வரும் — திருந்தினவளை எதற்காகச் சாகடிக்கிறார்கள்? நம் ஆண்டவர் முன்னால் அப்படி ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள்மேல் எறியக் கல்லோடு நின்றவர்களை முதலில் அனுப்பினார். பிறகு அவளையும் அனுப்பினார்... உயிரோடு. சினிமாக்காரர்களுக்கு அவ்வளவு மனசு கிடையாது.

பேரை மாற்றச் சொன்னதைக் கேட்டதும் நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். ரீட்டா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"பெரியம்மா, எனக்கு இவருதான் வேணும். திருவிழாவுல பாத்ததிலேருந்து வேற யாரையும் நெனைக்கல. ஆனா பேர மாத்த மாட்டேன்."

"ரெண்டுல ஒன்னுதான் கெடைக்கும் போலருக்கே."

"ரெண்டும் வேணும்லா."

திரும்பக் கூடத்துக்கு வந்தேன். குண்டு வாங்கிச் சாகிற கதையையும், ஆண்டவர் அனுப்பிவைத்த கதையையும் அந்த அம்மாவுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"இவ்ளோ படம் பாத்திருக்கீங்களா அக்கா? நான்கூட இவ்ளோ பாத்ததில்ல."

எனக்குச் சுருக்கென்றது. விடுவேனா?

"சரி தங்கச்சி, படத்தத்தான் நம்பணும்னா மாமியார எப்புடி நம்புறது? எந்தப் படத்துல நல்ல மாமியாரு வந்திருக்கா?"

சரியான கேள்விதான். கேட்ட நேரம்தான் சரியில்லை. அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"டேய், கெளம்பு."

மகன் அசையவில்லை. "தேத்தண்ணி வருதும்மா" என்றான். இவனைத்தான் இந்தப் பெண்ணுக்குக் கட்ட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். என் முடிவை யார் கேட்டார்கள்?

ரீட்டா தட்டோடு வந்தாள். அந்த அம்மா நின்றபடியே அவளிடம் சொன்னார்:

"பேர மாத்துறது என்னா பெரிய விசயம்? என்னையே மாத்துனாங்கதானே. கல்யாணத்துக்கு முந்தி வேதத்துல சேக்கக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. செல்லம்மாவா போனேன்... எலிசபெத்தா வந்தேன். நான் ஒரு வார்த்த சொன்னனா?"

கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது. ரீட்டாவின் அப்பா வழக்கம்போலக் கூரையைப் பார்த்தார்.

"இப்ப யாரு உங்கள செல்லம்மான்னு கூப்புடுறாங்க?" என்றாள் ரீட்டா.

"எங்கம்மா கூப்புட்டாங்க. அவங்க போனதோட அதுவும் போச்சு."

ரீட்டா தட்டை மேசையில் வைத்தாள்.

"அப்ப நான் கூப்புடட்டுமா... செல்லம்மா அத்தைன்னு?"

மாமியார் பேரைச் சொல்கிற மருமகளா? அதுவும் ஓலை வாசிக்கும் முன்பே? டாக்சிக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான் என்று எழப்போனேன்.

அந்த அம்மா ரீட்டாவைப் பார்த்தார். கைப்பையை நாற்காலியில் வைத்தார். உட்கார்ந்தார். கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார்.

"சீனி பத்தல... ரீட்டா."

இத்தனை படம் பார்த்திருக்கிறேன். எந்தக் கிளப்பிலும் ரீட்டாவிடம் யாரும் சீனி கேட்டதில்லை.