தீவுக்குப் போன பன்னிரண்டு கூடாரங்கள்

ராணுவக் கூடாரத்தின் மேல் தண்ணீர் அடித்து ஒழுகுகிறதா என்று பார்ப்பது என் தொழில். சென்னீர்குப்பத்தில் ஒரு சின்ன கம்பெனி, இருபத்திரண்டு வருஷம். நீங்களும் எங்காவது செக்கிங் வேலை பார்த்திருந்தால் தெரியும், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இந்த வருஷம் வங்கக் கடலில் எங்கோ ஒரு தீவைக் காவல் காக்கிற ஜவான்களுக்குப் பன்னிரண்டு கூடாரம் கேட்டிருந்தார்கள். மழைக்கு முன் ஒரே ஒரு கப்பல். தையல் பிரிவு சாந்தியின் மகன் குமாரும் அந்தத் தீவில்தான் இருக்கிறான்.

மே மாத மழை

முதல் கூடாரத்தை முற்றத்தில் நட்டோம். வெளியே அரைமணி நேரம் பைப்பில் தண்ணீர் அடிப்பார்கள். நான் உள்ளே உட்கார்ந்து கூரையையே பார்க்க வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை, தொட்டியில் மிச்சமிருந்ததும் கூடாரத்துக்கே போயிற்று. எனக்கு உள்ளே வேர்த்து ஊற்றியது. கேண்டீன் நடத்தும் தேவகி காலிக் குடத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இங்க சோறு வடிக்கத் தண்ணி இல்ல. நீ இன்னாடான்னா துணிக்கு மழை காட்டிகினு குந்திகினு கீற!"

ஹவில்தார் வந்தார்

சரக்கைப் பார்க்க ஒரு ஹவில்தார் வந்தார். வேலூர்க்காரர், அந்தத் தீவிலேயே இரண்டு வருஷம் இருந்தவர். துணியைத் தொடக்கூட இல்லை. கூடாரம் அடிக்கிற இரும்பு முளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் சுரண்டினார். துத்தநாகம் பூசாததையெல்லாம் ஒதுக்கி வைத்தார், பாதிக்கு மேல் போயிற்று. எனக்கு எரிச்சல். எதிரியோடு சண்டை போடுகிற இடத்தில் முளை பளபளப்பாக இருந்தால் என்ன, மங்கலாக இருந்தால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

"ரெண்டு வருஷத்துல எதிரிய நான் பாக்கவே இல்ல சார். உப்புக் காத்துல இரும்புல ஏறுற துருவத்தான் தெனம் பாத்தேன்."

கழுத்தில் விழுந்த சொட்டு

கப்பலுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒன்பதாவது கூடாரத்தில் என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த மூன்றும் அப்படியே. மிஷினில் தடித்த ஊசி மாட்டியிருந்தது. நூலைவிட ஓட்டை பெரிசு. நான்கும் சாந்தி தைத்தவை. "பாஸ் பண்ணு நைனா, கப்பல் பூடும்" என்றார் சூப்பர்வைசர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அலுப்பில் நானும் ரப்பர் ஸ்டாம்பைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் சாந்தி பிளேடோடு வந்து கூடாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பிரிச்சுத் தெக்கறேன்ணா. ஒழுகறதத் தெச்சு என் புள்ளைக்கு நானே அனுப்புனேன்னு ஆவக் கூடாது."

போன்

மூன்று நாள், நடுவில் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, தைத்தாள். பன்னிரண்டும் கப்பல் ஏறின. மழை பிடித்த பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் குமார் போன் செய்தான். சாந்தி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். புதுக் கூடாரம் ஒழுகுகிறதா என்று நான்தான் கேட்டேன். "ஒரு சொட்டு இல்ல மாமா" என்றான். ராத்திரி நனையாமல் தூங்குகிறாயா என்று சாந்தி கேட்டாள்.

"நாங்க எங்கம்மா அதுல தூங்கறது? எல்லாத்துலயும் ரேடார் சாமான், பேட்டரி, வயர்லெஸ்ஸ வெச்சுட்டாங்க. அதெல்லாம் நனையக் கூடாதாம். நாங்க பழசுலதான் கீறோம்."

இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், கூடாரம் ஒழுகக் கூடாது என்பது வரைக்கும்தான் எங்கள் செக்கிங், உள்ளே யார் படுப்பது என்பது அதில் வராது.