சாம்பிராணி போட்ட நாள்

தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா விட்டுப்போன ஒரே சொத்து. நானும் அக்காவும் மட்டும்தான் இருந்தோம். அக்கா ஸ்கூல் டீச்சர். எழுபதுகளின் நடுவில் அடுத்த வீட்டில் பழைய நகை உருக்கும் பட்டறை வந்தது. பட்டறைக்காரர் குடும்பத்தோடு மாடியில் குடியிருந்தார். கொஞ்ச நாளில் குடும்பத்தைக் காணோம். ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தோம்.

உருக்கிய தங்கத்தைத் திராவகத்தில் போட்டுக் காய்ச்சுவார்கள். கலந்திருக்கும் செம்பும் வெள்ளியும் கரைந்து போகும், தங்கம் அடியில் தங்கும். கரையும்போது செங்கல் நிறத்தில் புகை எழும். புகைபோக்கி கிடையாது. எங்கள் முற்றத்தைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது, அதுதான் புகைபோக்கி. எங்கள் ஜன்னல் கம்பி செதில் செதிலாக உதிர்ந்தது. கொடியில் போட்ட சேலை இழுத்த இடத்தில் கிழிந்தது. அக்காவுக்கு முதலில் இருமல், பிறகு இழுப்பு. ஒரு பாடத்தை முழுதாக வாசிக்க முடியாமல் பாதியில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "அந்தப் புகை நிக்காம இது நிக்காதும்மா" என்றார்.

பட்டறைக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"ஊர்ல பஸ்சு விடாத புகையவா தங்கச்சி நான் விட்டுட்டேன்? உங்க ஜன்னலச் சாத்தி வைங்க."

"நீங்க சாத்துங்கண்ணே."

"அப்புறம் என் ஆளுக மூச்சு முட்டிச் சாவாய்ங்களே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சந்தில் ஒருவரும் என் பக்கம் பேசவில்லை. தீபாவளிக்கு வீடு தவறாமல் அவர் ஸ்வீட் பெட்டி அனுப்புவார்.

மனு கொடுத்து நடையாய் நடந்தேன். கடைசியில் சுகாதார இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்னார்கள். எனக்குச் சொல்லுமுன் பட்டறைக்குச் சொல்லியிருந்தார்கள் போல. அன்று அடுப்பு எரியவில்லை. தரையைக் கழுவிக் கோலம் போட்டு, சாமி படங்களுக்கு மாலை சாத்தி, சட்டித் தணலில் சாம்பிராணியை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.

"என்னம்மா, கோயிலு மாதிரி வச்சிருக்காரு. இதப் போயி..."

என் பின்னால் நின்ற அக்காவுக்குச் சாம்பிராணிப் புகை ஏறி இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி இருமினாள்.

"பாருங்க சார், இதுக்குத்தான் வரச் சொன்னேன்" என்றேன்.

"சாம்பிராணிக்கே இந்த இருமு இருமுறாங்க. இவங்களுக்கு எதுதாம்மா ஒத்துக்கும்?"

"பாவம் சார், டீச்சரம்மாவுக்குப் பொறந்ததுல இருந்தே நெஞ்சு வீக்கு" என்றார் பட்டறைக்காரர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தலையாட்டினார்கள். ஸ்கூல் மைதானத்தில் மைக் இல்லாமல் பேசியவள் அவள். அது அத்தனை பேருக்கும் தெரியும்.

வீட்டை விற்பதென்று முடிவு செய்தோம். புகை வரும் வீட்டை வேறு யார் வாங்குவார்கள்? பட்டறைக்காரரே வாங்கினார். பத்திர ஆபீஸ் வாசலில் உறவுக்காரர் மாதிரி பேச்சுக் கொடுத்தார்.

"எங்க போறீக?"

"கோச்சடைக்கு. வாடகை வீடு."

"நல்ல எடம். ஆத்துப் பக்கம், காத்து அம்புட்டு சுத்தமா இருக்கும். என் குடும்பமும் அங்கதான். பட்டறை போட்ட கொஞ்ச நாள்லயே சின்னவளுக்கு இழுப்பு வந்துருச்சு. ஒடனே மாத்திட்டேன். இப்பச் சரியாயிருச்சு."

அக்காதான் கேட்டாள், இரண்டு மூச்சில்.

"இத... அன்னைக்கு இன்ஸ்பெக்டர்ட்ட ஏன் சொல்லல?"

"தொழிலாச்சே, டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போனார்.

கோச்சடைக் காற்று நல்ல காற்றுதான். அக்காவுக்குக் காலம் கடந்திருந்தது. வேலையை விட்டாள். பகலெல்லாம் ஜன்னல் ஓரம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் அந்தச் சின்ன மகள் பெல் அடித்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாக சைக்கிளில் போவாள். அக்கா எட்டிப் பார்த்து, "நல்லா ஓட்டுறா" என்பாள்.

அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். அவள் அப்பனை நான் மன்னிக்கவில்லை.