சோதனை கேட்டது நாங்கள்தான்

அந்த மெயில் வந்தபோது நான் ஆபீசில் இருந்தேன். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு ஷிப்பிங் ஏஜென்டிடம் எனக்கு வேலை. எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எந்தக் கண்டெய்னர் எந்த யார்டில் நிற்கிறது என்று நாள் முழுக்க இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருப்பேன். அந்த ஒரு தகுதியினாலேயே, தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரனான என் தம்பிக்கு வருகிற இங்கிலீஷ் எல்லாம் என் தலையில் வந்து விழும். ஒப்பந்தமா, ரயில் டிக்கெட்டா, பேட்டியா, எல்லாவற்றுக்கும் அக்காதான். அன்று வந்திருந்தது ஊக்கமருந்துச் சோதனையின் முடிவு.

திறக்கும்போதே எனக்குச் சிரிப்பு. "மாட்டிக்கிட்டான்" என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்லவும் செய்தேன். மாட்டியிருப்பது தம்பியோடு மோதிய அந்த வடக்கத்திப் பையன்தான் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை. படித்தேன். அதில் தம்பியின் பெயர் இருந்தது. வேறு யாருடைய மெயிலோ தவறி வந்துவிட்டது என்று நினைத்து மறுபடி மேலிருந்து படித்தேன். போட்டி முடிந்ததும் அவன் கொடுத்த சிறுநீரில், தடை செய்யப்பட்ட ஒரு ஸ்டீராய்டு இருக்கிறதாம். எதிராளியிடம் ஒன்றும் இல்லையாம்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் "என்னாச்சு?" என்று கேட்கிறாள், வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. ஏனென்றால் அந்தச் சோதனையை வேண்டும் என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியதே நான்தான்.

ஏன் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். இருவரும் முதல் முறை சென்னையில் மோதியபோது, அந்தப் பையன் மேலங்கியைக் கழற்றியதுமே எங்கள் ஆட்கள் வாயடைத்துப் போனார்கள். அப்படி ஒரு உடம்பு. கொஞ்ச நேரத்தில் தம்பி மூக்கு உடைந்து கீழே கிடந்தான். ஊர் திரும்பியதும் மீன் ஏலக்கூடம், சலூன், கோயில் வாசல் எங்கே போனாலும் ஒரே பேச்சு. "ஏலே, அது சோறு தின்னு வந்த ஒடம்பா? ஊசி ஏத்துன ஒடம்புல அது." எல்லோரும் அன்றைக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். நான் மட்டும் என்ன, எல்லோரையும்விட உரக்கச் சொன்னேன். மறுபடி மோத அழைப்பு வந்தபோது, போட்டி முடிந்ததும் இருவருக்கும் சோதனை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டோம் என்று எழுதினேன். போட்டி நடத்துகிறவர் இழுத்தார். எதிராளி உடனே சரி என்றுவிட்டான். "நடிக்கான்" என்றேன் நான்.

அன்றிலிருந்து தம்பிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இருமலுக்கு மருந்து வாங்கினால்கூட அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவான். "யக்கா, இதப் போடலாமா?" நான் தடைப் பட்டியலில் தேடிப் பார்த்து, சந்தேகமாக இருந்தால் வேண்டாம் என்பேன். அவன் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிப்பான். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு, மாலையில் பயிற்சி எடுத்துவிட்டு, சளியும் காய்ச்சலுமாக ஒரு மாத்திரை இல்லாமல் கிடந்தவன் அவன். அப்படிப்பட்டவனிடம் ஸ்டீராய்டா?

இரண்டாவது போட்டிக்கு அம்மாவும் வந்தாள். அப்பா வரவில்லை. அவர் சங்கு குளிக்கிறவர். கடலுக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பார், மகன் அடி வாங்குவதை மட்டும் பார்க்க முடியாது அவருக்கு. போட்டிக்கு முந்தின நாள் எடை பார்த்தபோது தம்பி தராசை விட்டு இறங்கியபோது நிற்கவே தெம்பில்லை. எடையைக் குறைக்க அதற்கும் முந்தின நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது, உடம்பு கொதித்தது. அம்மா அவனுக்குப் பயிற்சி கொடுக்கிற மாஸ்டரைப் பிடித்துக்கொண்டாள். "பெத்த பிள்ளைய இப்பிடிக் காயப் போட்டுக் கருவாடாக்கிட்டியளே, நீங்க நல்லாருப்பியளா?" மாஸ்டர் பாவம், சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு நழுவினார்.

லாட்ஜ் அறையில் அம்மா ஊரிலிருந்து கொண்டு வந்த கெட்டிலை மாட்டி, கருப்பட்டி தட்டிப் போட்டுச் சுக்குக் காபி வைத்தாள். தம்பி வழக்கம்போலக் கேட்டான். "யம்மா, இதுல என்ன போட்ட?"

"சுக்கு, மல்லி, கருப்பட்டி. வேற என்னத்தப் போடப் போறேன்?"

குடித்தான். மறுநாள் காலையிலும் குடித்தான். அன்றைக்கு மோதி, புள்ளிகளில் ஜெயித்தான். நான் தொண்டை கிழியக் கத்தினேன், அம்மா கண்ணைத் திறக்காமல் ஜெபமாலை உருட்டினாள்.

முடிந்ததும் சோதனை அதிகாரி வந்து அவனைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனார். உடம்பில் தண்ணீர் இருந்தால்தானே வரும்? பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தபடி எதிராளியும் அவனும் ஒரே பெஞ்சில் காத்துக்கிடந்தார்கள். என்னமோ பேசிச் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். நான் முறைத்தேன். கடைசியில் தம்பி வெளியே வந்து, "யக்கா, அந்தாளு கண்ண எடுக்காமப் பாக்காரு. வந்தது கூட உள்ள போயிரும்" என்றான். இரண்டு பாட்டிலில் ஊற்றி, அவன் கண் முன்னாலேயே மூடி முத்திரை வைத்தார்கள். நான் உள்ளுக்குள் எதிராளியின் பாட்டிலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மெயில்.

வீட்டுக்குப் போய் நேராக அவனிடம்தான் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்கு. கத்தினேன். "எவன் குடுத்தான்? மாஸ்டரா? ஜிம்முக்கு வார பயலுவளா? நெசத்தச் சொல்லுல."

"நான் ஒண்ணும் எடுக்கல யக்கா."

"அப்போ பாட்டில் பொய் சொல்லுதா?"

அவன் என்னையே பார்த்தான். "நீயுமா?" என்றான். போய்ப் படுத்துக்கொண்டான்.

இரண்டாவது பாட்டிலையும் திறந்து பார்க்கச் சொல்லி எழுதினோம். அதிலும் அதேதான். சேதி எப்படியோ வெளியே போய், ஏலக்கூடத்தில் கட்டியிருந்த வாழ்த்து ஃப்ளெக்ஸை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். "ஊசி ஏத்துன ஒடம்புல அது" என்று அதே ஆட்கள் அதே வார்த்தையை இப்போது தம்பியைப் பார்த்துச் சொன்னார்கள். அந்த மருந்து எப்படி உடம்புக்குள் போனது என்று காட்ட முடியாவிட்டால் வருடக்கணக்கில் தடை வரும் என்று எழுதியிருந்தார்கள். அவன் வயதுக்கு அது முடிவுதான். முடிவைக்கூடத் தாங்கிக்கொள்வான். ஏமாற்றுக்காரன் என்ற பேரோடு இந்த ஊரில் எப்படித் தெருவில் நடப்பான்?

ஒரு நாள் எதிராளி போன் செய்தான். திட்டப் போகிறான் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவன் அரைகுறை இங்கிலீஷில், "உங்கள் தம்பி அப்படிச் செய்கிறவன் இல்லை. வீட்டில் என்ன சாப்பிட்டான், என்ன குடித்தான் என்று பாருங்கள்" என்றான். கூடப் பிறந்தவள் நான் நம்பவில்லை, அவனுடைய மூக்கை உடைத்தவன் நம்புகிறான். போனை வைத்துவிட்டு அழுதேன்.

கொஞ்ச நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. இத்தனை அலைச்சலுக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். அம்மா சுக்குக் காபி கொண்டுவந்தாள். கருப்பட்டி இனிப்பையும் தாண்டிக் கடைசி மடக்கு கசந்தது. டம்ளரின் அடியில் வெள்ளையாக ஏதோ நின்றது.

"என்னம்மா இது, கசக்கு?"

"மாத்திரைதாம்ளா. சரியாக் கரையல போல."

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. ஊரெல்லாம் அப்பாவின் மூச்சைப் புகழும். அவருக்கு ஒரு மாத்திரையை விழுங்க வராது, தொண்டையில் வைத்தாலே குமட்டும். சளி பிடித்தால் சங்கு குளிக்கிறவர் கடலில் இறங்க முடியாது, காதுக்குள் குத்தும். அதனால் அம்மா கல்யாணமான நாளிலிருந்து மருந்துக்கடை அண்ணாச்சி இரண்டு மூன்று மாத்திரைகளைச் சேர்த்துத் தருகிற 'செட்டு மாத்திரை' வாங்கி, காகிதத்தில் மடித்து டம்ளர் அடியால் நசுக்கி, சுக்குக் காபியில் கலந்து கொடுத்துவிடுவாள். மாத்திரை என்று தெரிந்தால் அப்பா குடிக்க மாட்டார் என்பதால் வாயைத் திறப்பதில்லை. நாங்களும் சிறுவயதில் அப்படிக் குடித்து வளர்ந்தவர்கள்தான். சொன்னால் சிரிப்போம். அவ்வளவு சாதாரணமான விஷயம் என்பதால் இத்தனை நாளும் எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தேன். "யம்மா, லாட்ஜுல தம்பி காபிலயும் இதப் போட்டியா?"

"போடாம? பிள்ள கொதிச்சுக் கெடந்தான். சாயங்காலம் ஒரு வாட்டி, காலைல ஒரு வாட்டி. கேட்டா அவன் வேண்டாம்பான், நீ போன நோண்டிக்கிட்டு நிப்ப. அது போட்டதாலதான அவனால எந்திரிச்சு நிக்க முடிஞ்சுது?"

முகத்தில் அத்தனை திருப்தி அவளுக்கு. யார் யாரையோ சந்தேகப்பட்டேன். மாஸ்டரின் பையைக் கொட்டிப் பார்த்தேன், அவன் புரோட்டீன் டப்பாவை மோந்து பார்த்தேன். அந்தக் காபியை அவன் குடித்தபோது நான் பக்கத்துக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

காய்ச்சலோடு மருந்துக்கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி எதையும் மறைக்கவில்லை. அட்டையிலிருந்து கத்தரித்த மாத்திரைகளைக் கண்ணாடி மேல் பரப்பினார். "இது காய்ச்சலுக்கு, இது வயித்துக்கு. இந்தச் சின்னது சேந்தாத்தான் தாயி சட்டுனு கேக்கும்." சின்னதின் முழு அட்டையை வாங்கிப் பார்த்தேன். மெயிலில் இருந்த அதே மருந்தின் பெயர்.

"அண்ணாச்சி, இது ஸ்டீராய்டு."

"இருக்கட்டுமே. கடலுக்குப் போற ஊரே இதத்தான திங்குது?"

கடை வாசலில் அப்படியே நின்றேன். ஊரே தின்கிறது. அப்பாவின் முகம் சில வருடங்களாக உப்பிக்கிடப்பது உப்புத் தண்ணீரால் என்று நினைத்திருந்தோம், இந்த மாத்திரையால் இருக்கும் என்று தோன்றியதே இல்லை. அடுத்த நாளே அவரைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனேன். அது தனிக் கதை.

தம்பியிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, "அம்மாட்ட சொல்லாத" என்றான். "அம்மாவ இழுத்து விட்டுட்டு நான் தப்பிக்கவா? தட போட்டா போடட்டும்."

"கூறு கெட்டவனே, ஒம் பேரு ஊர்ல நாறுது."

"நாறட்டும்."

எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். அம்மா அதை விலக்கிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகத்தில் இரத்தமே இல்லை. "நான் குடுத்ததுலயா பிள்ளைக்கு இப்பிடி ஆச்சு?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "அப்போ நான் சொல்லுதேன்" என்றாள்.

விசாரணை என் லேப்டாப்பில் வீடியோவில் நடந்தது. அந்தப் பக்கம் கோட்டு போட்டவர்கள் சிலர், மொழிபெயர்க்க ஒரு பெண். அம்மா கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உங்கள் மகனுக்கு அதில் மாத்திரை இருந்தது தெரியுமா என்று கேட்டார்கள்.

"தெரிஞ்சா குடிப்பானா? குடிக்க மாட்டான்னுதான கரைச்சுக் குடுத்தேன்."

காபியில் என்ன இருக்கிறது என்று உங்கள் மகன் கேட்டாரா என்றார்கள்.

"கேட்டான். ரெண்டு வாட்டியும் கேட்டான். சுக்கு, மல்லி, கருப்பட்டின்னு சொன்னேன்." "பொய் சொன்னேன் சார். பெத்தவ சொன்னதால நம்பிக் குடிச்சிட்டான்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அவர்கள் நம்பினார்கள். அவன் தெரிந்து எடுக்கவில்லை, ஏமாற்றவில்லை என்று எழுதினார்கள். சில மாதத் தடையோடு விட்டார்கள். ஆனால் ஜெயித்த போட்டி ஜெயித்ததாகக் கணக்கில் வராது. யார் கொடுத்தாலும் உடம்புக்குள் போனது போனதுதான் என்பது அவர்கள் சட்டம். நான் படித்துச் சொன்னபோது அம்மா, "அப்போ அவன் ஜெயிச்சது?" என்றாள். "இல்லம்மா" என்றேன். சரி என்று எழுந்து போனாள்.

தடை முடிந்து தம்பி மறுபடி ஓடப் போன முதல் நாள், திரும்பி வந்ததும் அம்மா காபி கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அடுத்தவர் எச்சிலைக் குடிப்பதில்லை. ஒருவர் டம்ளரில் ஒருவர் வாய் வைத்தாலே அவள் சத்தம் போடுவாள். அவள் அவன் முன்னால் நின்று, அந்த டம்ளரில் வாய் வைத்து, ஒரு மடக்குக் குடித்து விழுங்கினாள். புடவைத் தலைப்பால் விளிம்பைத் துடைத்துவிட்டு அவனிடம் நீட்டினாள். விசாரணையில்கூட அவள் அழவில்லை, அன்றும் அழவில்லை. தம்பி, "என்னம்மா இது, குடும்மா" என்று வாங்கி, அவள் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தான்.

அதன் பிறகு, காபியில் என்ன போட்டாய் என்று அவன் அவளிடம் கேட்டதே இல்லை. அவளோ இன்றுவரைக்கும், ஒரு வாய் குடித்துக் காட்டாமல் அவனுக்கு எதையும் கொடுப்பதில்லை.