ஏசியைத் தொடாதீங்க மாமா

என் மச்சினி பேசினால் கேட்கிறவனுக்குத்தான் மூச்சு வாங்கும். முதல் பேச்சை முடிக்குமுன் மூன்றாவதுக்குத் தாவிவிடுவாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். வேலை கிடைத்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். ஒருநாள் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே ஆபீசுக்குக் கிளம்பி, லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்தாள். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாடித்துடிப்பு காட்டும் பெட்டி ஒன்று நிற்குமே, அதைச் செய்கிற கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் நாலு மூளை. ஒரு மூளை துடிப்பை எண்ணித் தட்டில் வைத்துவிட்டு, வைத்தாச்சு என்று கொடி தூக்கும். இன்னொன்று கொடியைப் பார்த்து எண்ணை எடுத்துத் திரையில் காட்டும். ஒன்றோடொன்று மோதாமலிருக்க ஊரெல்லாம் இதற்குப் பூட்டுப் போடுவார்களாம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறை மாதிரி, உள்ளே ஒருவன் இருந்தால் மற்றவன் வெளியே நிற்க வேண்டும். நிற்கிற நேரத்தில் பெட்டி மந்தமாகும், அபாய மணி பிந்தும். இவள் பூட்டே இல்லாமல் புரோகிராம் எழுதினாள். இரண்டு வருட உழைப்பு.

கம்பெனி புது சிப்புக்கு மாறியது. வந்தது வினை. இரண்டு நாளைக்கு ஒருமுறை திரையில் கண்சிமிட்டும் நேரம் பழைய எண் தலைகாட்டிவிட்டுப் போனது. எங்கே தப்பு என்று பார்க்க, நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும்படி மேனேஜர் ஒரு வரி சேர்த்தார். தப்பு மாயம். வரியை எடுத்தார். தப்பு ஆஜர்.

"அந்த வரியையே திரும்பப் போட்டுடலாம்மா. ஓடுதில்ல?" என்றாராம்.

"திருடன் வீட்டுக்குள்ளதான் சார் இருக்கான். நீங்க லைட்டைப் போட்டதும் கட்டிலுக்கு அடியில போயிட்டான், அவ்வளவுதான்."

மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அவனைப் பிடி. இல்லேன்னா உன்னோடதைத் தூக்கிட்டுப் பூட்டைப் போட்டுடுவேன்."

அந்த வாரம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. எங்களுக்குப் பயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை என் கடைக்குப் போன் வந்தது. நான் ஏசி மெக்கானிக். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினாலும் கம்ப்ரஸர் உறுமுவதைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன். அவள் ஆபீசில், பெட்டிகளை ஓட்டிப் பார்க்கும் அறையில் ஏசி நின்றுவிட்டதாம். போனேன். அறைக்குள் கால் வைத்ததும் அடுப்புக்குள் நுழைந்தது போல இருந்தது. இருபது பெட்டிகள் மினுக்கிக்கொண்டிருந்தன. வெளியே இருக்கும் யூனிட்டில் கபாசிட்டர் உப்பிப் போயிருந்தது. பத்து நிமிட வேலை. புதியதை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

"மாமா! எதையும் தொடாதீங்க!"

ஜன்னல் வழியாகச் சின்னவள் அலறினாள். ஷாக் அடிக்கப்போகிறதோ என்று கையை உதறினேன்.

"ஏம்மா, என்னாச்சு?"

"ஒரு மணி நேரத்துல பதினோரு தடவை தப்பு வந்துடுச்சு மாமா!"

தப்பு வந்ததற்கு இப்படிக் குதித்தவளை அன்றுதான் பார்த்தேன். இறங்கி வந்து விசாரித்தேன். சூடு ஏறினால் சிப் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளுமாம். நாலு மூளையும் நாலு வேகத்தில் நடக்க, ஒளிந்திருந்தது வெளியே வந்துவிட்டது. பழைய சிப் எண்ணை வைத்த பிறகே கொடியைத் தூக்கும். புதியதோ கெட்டிக்காரச் சிப். எது சீக்கிரம் முடியுமோ அதை முதலில் முடிக்கும். தட்டில் எண் விழுமுன்னே கொடி ஏறிவிட்டது.

"சாப்பாடு வரதுக்கு முன்னாடியே பந்தியில உட்காரச் சொன்ன மாதிரி," என்றேன்.

"கரெக்ட் மாமா. போன பந்தியோட எச்சில் இலைதான் கிடைச்சிருக்கு."

எண் போய்ச் சேராமல் கொடியைத் தூக்காதே என்று ஒரு கட்டளை சேர்த்தாள். பெட்டிகளை மறுபடி ஓட்டினார்கள். பதினொன்று மூன்றாகக் குறைந்தது. மூன்று ஏன்?

மேனேஜர் கைக்குட்டையைப் பிழிந்தார். "அண்ணே, ஏசியைப் போட்டுடுங்க. பூட்டையே போட்டுக்கலாம்."

"சார், போட்டீங்கன்னா இது மறுபடி ஒளிஞ்சுக்கும்!"

நான் யார் பேச்சைக் கேட்பது? கூப்பிட்டது மேனேஜர். ஆனால் சாயங்காலம் நான் போக வேண்டியது அவள் அக்கா இருக்கும் வீட்டுக்கு. "பார்ட்ஸ் வரணும் சார், நேரமாகும்," என்று கபாசிட்டரைப் பைக்குள் தள்ளினேன்.

சின்னவள் நகத்தைக் கடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மேசையைத் தட்டினாள். எடுக்கிற மூளையும் அதே கெட்டிக்கார ஜாதிதானே! கொடியைப் பார்க்குமுன்னே தட்டில் கைவிட்டு வைத்துக்கொள்கிறது. கொடியைப் பார்த்த பிறகுதான் தட்டைத் தொடலாம் என்று அதற்கும் ஒரு கட்டளை. மறுபடி ஓட்டினார்கள்.

ஒரு மணி நேரம் ஓடியது. பூஜ்யம். இரண்டு மணி நேரம். பூஜ்யம். அறையில் ஐந்து பேர் வெந்துகொண்டிருந்தோம். மூன்றாவது மணி முடிந்தபோதும் பூஜ்யம்தான்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூட்டு வேணாம்மா. உன்னோடதே போகட்டும்."

சின்னவள் முகம் மலர்ந்தது. ஆனாலும் புத்தி எங்கே போகும்? "தேங்க்ஸ் சார். எதுக்கும் இன்னும் ஒரு மணி நேரம் இந்தச் சூட்டுலயே ஓட்டிப் பார்ப்போமா?"

அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் வந்து என்னைக் கையைப் பிடித்து ஏணிக்கு அழைத்துப் போனார்கள்.