அவள் போட்ட காபி

வளர்ப்பு வீடுகளில் விடப்பட்ட குழந்தைகளைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. பதினோரு வருஷ அனுபவம் என்ற மிதப்பு எனக்கு உண்டு.

அன்று சாலவாக்கம் பக்கம் ஒரு வீடு. பெற்றவனின் அடியிலிருந்து மீட்கப்பட்ட ஒன்பது வயதுப் பெண் அங்கே இருந்தாள். நான் உட்கார்ந்ததுமே ஓடிப்போய்க் காபி போட்டு வந்தாள். 'பொறுப்பான பிள்ளை, வந்தவர்களுக்குக் காபி போட்டுத் தருகிறாள்' என்று பாராட்டி எழுதினேன்.

குழந்தைகள் நலக் குழுவில் அவளுக்காக ஆஜரானவர் உத்திரமேரூர் வக்கீலம்மா. என்னைவிடப் பத்து வயது சின்னவர். அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டார்.

"இவ காபி போட்டப்போ, அந்த வூட்டுப் பசங்க ரெண்டு பேரும் இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க மேடம்?"

"வீட்டுப்பாடம் எழுதிக்கினு..." என்றவள் அப்படியே நிறுத்திவிட்டேன்.

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிவந்த வருகைப் பதிவு நகலைக் குழுவின் முன் வைத்தார். பாதி நாள் அவள் பள்ளிக்கே போகவில்லை. அவளை வேறு வீட்டுக்கு மாற்றினார்கள்.

போன மாசம் திருப்புலிவனத்தில் அந்தப் புது வீட்டுக்குப் போனேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"அம்மா, ஆபீஸ் மேடம் வந்துகீறாங்க, காபி போடு!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. என் அறிக்கையின் முதல் வரி அதுதான்.