அப்பாவின் கன்னத்துப் பஞ்சு

எனக்கு வாய் நீளம். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. அந்த வாயால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அப்போது ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். எங்கள் குடாநாட்டு ஆண்களின் தந்தைவழிகள் எவ்வளவு வேறுபட்டவை என்று பார்ப்பதுதான் வேலை. ஆணுக்கு மட்டுமுள்ள வை நிறமூர்த்தம், அதாவது Y குரோமோசோம், தகப்பனிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் இறங்கும். அதிலுள்ள சில அடையாளங்களைப் படித்தால் யாருடைய வழி யாருடையதோடு சேர்கிறது என்று தெரிந்துவிடும். ஊர் ஊராகப் போய், ஆண்களின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுப்போம். எங்களூர் ஆம்பிளை கல்யாணம் முடித்துப் பெண்ணின் சீதன வீட்டுக்குப் போகிறவன். புத்தூரில் வாய் திறந்தவனின் பூட்டன் அரியாலைக்காரனாக இருப்பான். அதனால் “எந்த ஊர்?” என்று கேட்டுப் பிரயோசனமில்லை, “அப்பான்ரை அப்பா எந்த ஊர்?” என்றுதான் கேட்க வேண்டும்.

முறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, நன்றாகத் தெரிந்த ஒரு தகப்பனையும் மகனையும் முதலில் சோதிக்கச் சொன்னார் பேராசிரியர். எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்களே என்றேன். பஞ்சை நாங்களே எங்கள் கையால் எடுக்க வேண்டும் என்பது விதி. எடுக்க வேண்டிய நாள் காலை, எங்கள் ஊர் இணுவிலில் பஸ் போய்விடப் போகிறதே என்ற அவசரம். இரண்டு உறைகளில் “அப்பா”, “அண்ணா” என்று எழுதி, எப்படித் தேய்ப்பதென்று அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

இரண்டும் பொருந்தவில்லை. ஓரிடம் மாறியிருந்தால் இயல்பென்று விட்டிருக்கலாம், பாதிக்கு மேல் மாறியிருந்தது. திருப்பிச் செய்தேன், அதே முடிவுதான். சொல்ல வெட்கமில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காரணம் உண்டு. நான் விரும்பியவர் குருநகரில் மீன்பிடிக்கும் குடும்பத்துக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அண்ணை அந்த வீட்டு வாசல் படலையடியில் நின்று, அவருடைய தாயின் முகத்துக்கு நேரே, “எங்கடை இரத்தத்திலை மீன் மணக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு வந்தவர். நான் விரும்பியவர் வேறு கல்யாணம் முடித்துவிட்டார். நான் அதே வீட்டில் அதே அண்ணைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் தரகர் எனக்கொரு சாதகம் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். சாப்பிட்டபடியே அண்ணை சொன்னார்: “முதலிலை எங்கடை இரத்தமோ எண்டு விசாரிக்க வேணும்.” நான் எழும்பிப் போய், ஒளித்து வைத்திருந்த முடிவுக் கடதாசியை எடுத்துவந்து அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“அண்ணை, நீங்கள் எங்கடை அப்பாவுக்குப் பிறக்கேல்லை” என்றேன். மரியாதையை மட்டும் விடவில்லை.

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மாவுக்கு விளங்கவில்லை. நான் வகுப்பெடுப்பதுபோல் ஒவ்வொன்றாக விளக்கினேன். விளங்கியதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ, அது இவரின்ரை இல்லையடி! இவர் கந்தசஷ்டி விரதம், எச்சில் படுத்தேலாது எண்டிட்டார். நீ வேலைக்குத் தேவையெண்டு பறந்தாய். தம்பி நிண்டவன்தானே, அவனைத் தேய்க்கச் சொன்னனான். அவனும் எங்கடை இரத்தம்தானே!”

கனடாவிலிருந்து வந்து அந்த நாள்களில் எங்களோடு தங்கியிருந்த மாமாவைச் சொன்னார். தாய்மாமனை விட நெருங்கிய இரத்தம் அம்மாவுக்குத் தெரியாது. தந்தைவழியில் பார்த்தால் மாமா முழுக்க வேறு ஆள். அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்தப் பஞ்சைக் குப்பையில் போட்டிருப்பேன்.

“நல்லாய்க் கதை கட்டுறாய்” என்றார் அப்பா.

மாமாவுக்குப் போன் எடுத்தோம். “ஓம், நான்தான் தேய்ச்சனான்” என்றார். “அக்காவும் தம்பியும் ஒண்டாய்த்தானே கதைப்பியள்” என்று அப்பா எழும்பிக் கை கழுவினார். அண்ணை அன்றே பையைத் தூக்கிக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் அப்பாவின் காலைப் பிடித்தேன். “ஒருக்கா வாயைத் திறவுங்கோ, நானே எடுக்கிறன்.”

“வேண்டாம் பிள்ளை. இன்னொருக்காலும் இல்லையெண்டு வந்தால் நான் என்ன செய்யிறது?”

அதற்குப் பிறகு அவர் அம்மாவின் கையால் சாப்பிடவில்லை. அம்மா சமைப்பார், நான் சமைத்ததென்று பொய் சொல்லிப் பரிமாறுவேன். தனக்குக் கொள்ளி வைக்கப் பெரியப்பாவின் மகனைக் கூப்பிடச் சொல்லி அப்பா எல்லோருக்கும் முன்னால் அறிவித்தார். நாலு மாதத்தில் மாரடைப்பு வந்து, ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

சவப்பெட்டிக்காரர் வருமுன் எல்லோரையும் அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, அப்பாவின் வாயைத் திறந்து பஞ்சால் தேய்த்தேன். இம்முறை என் கையாலேயே எடுத்தேன். மறுக்க அவரால் முடியவில்லை.

அண்ணை வந்தார். துக்கம் விசாரிக்க வந்த பிறத்தியாரோடு படலையடியில் நின்றார். “உள்ளுக்கு வா ராசா” என்று அம்மா கத்திக் கூப்பிட்டார். அவர் அம்மாவின் பக்கம் திரும்பவேயில்லை. பெரியப்பாவின் மகன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போக, அண்ணை கடைசி ஆளாகப் பின்னால் நடந்தார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்ததும் ஆய்வுகூடம் போனேன். அப்பாவினதும் அண்ணையினதும் எல்லா இடங்களிலும் பொருந்தின. கடதாசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். அம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, பொருந்துது! எல்லாம் பொருந்துது!”

அவர் கையை நீட்டவில்லை.

“எனக்கேன் பிள்ளை உது? எனக்குத் தெரியும்தானே” என்றார். இன்னொரு முருங்கை நெட்டை எடுத்து இலையை உருவினார். “அப்பாவுக்கு எப்பிடிக் காட்டப் போறாய்?”